சிபாரிசு சார்

மாதக் கடைசி என்றால் நமக்குப் பால் கணக்கு, பேப்பர் கணக்கு. சிபாரிசு சாருக்குப் புத்தகக் கணக்கு. 30-ஆம் தேதி இரவு "இந்த மாத வாசிப்பு" என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்து விழும். தலைப்பு, ஆசிரியர், பக்கம் மூன்றும் மாறும், கருத்து மட்டும் மாறாது: "அவசியம் படிக்க வேண்டியது."

எண்ணிக்கை இடிக்கும்போலிருந்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார். 25-ஆம் தேதிக்குமேல் தடித்த நாவலைத் தொடமாட்டார். அசோகமித்திரனின் 'தண்ணீர்' மாதிரி ஒல்லியாக ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடுவார். "பிப்ரவரிக்கு ஏன் சார் இந்த ஓரவஞ்சனை?" என்று நிஜமாகவே வருத்தப்படுவார். 'வெண்முரசு' என்றால் தனி பக்தி. மகாபாரதம் என்பதால் அல்ல. 26 நாவல் என்பதால்.

"இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று அவர் கேட்டால் ஜாக்கிரதையாக இருங்கள். 'மோகமுள்' என்றால், "அதெல்லாம் காலேஜ்லயே முடிச்சிருக்கணுமே" என்பார். 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். "நல்ல நாவல்தான். ஆனா அசோகமித்திரன் சிறுகதையிலதான் சார் இருக்கார்." சிறுகதையும் ஆயிற்று என்றால், "அப்ப கட்டுரைக்கு வந்துடுங்க." கட்டுரையும் ஆயிற்று என்றால் பேச்சு மௌனிக்குத் தாவும். மௌனி எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைதான். அத்தனையும் படித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றால், ஒரு நிமிடம் உங்களையே பார்ப்பார். "இன்னொரு தடவை படிங்க. அப்பத்தான் பிடிபடும்."

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் கையிலிருக்கும் புத்தகத்தை வாங்கி, முதலில் கடைசிப் பக்க எண்ணைப் பார்ப்பார். பிறகு பதிப்பு விவரம். "ஜே.ஜே: சில குறிப்புகளா? எங்கிட்ட 1981 க்ரியா பதிப்பே இருக்கு. அந்த அட்டையே வேற சார்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, வேறு இரண்டு புத்தகங்களை அவர் கையில் திணிப்பார். பில் போடும் இடம்வரை உடன் நடந்து, எல்லாருக்கும் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடியைத் தானே பேசி வாங்கிக் கொடுத்த மாதிரி தலையாட்டுவார்.

அவரை வாயடைக்க வைப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். "சார், அந்தப் புத்தகத்தை ஒரு வாரத்துக்கு இரவல் தாங்களேன்." முகம் சுருங்கிவிடும். "மச்சினன் எடுத்துட்டுப் போயிருக்கான்." கேட்டது எந்தப் புத்தகமானாலும் அது மச்சினனிடம்தான் இருக்கும். அந்த மச்சினன் இன்னேரம் ஒரு கிளை நூலகமே திறந்திருக்கலாம்.

இத்தனை சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தபோது கண்டுகொண்டவர்கள் வெகு சிலர். இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்கு ஆசியாவையும் அங்கே பிழைக்கப்போன தமிழர்களையும் அப்படிச் சொன்ன நாவல் கேட்பாரற்றுக் கிடந்தது. இன்று அது மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வருகிறதென்றால், "இதைப் படிச்சீங்களா, ஏன் படிக்கலை?" என்று பார்த்தவர்களையெல்லாம் நச்சரித்த சில வாசகர்களின் புண்ணியம். விளம்பரம் சேர்க்காத இடத்துக்குத் தமிழில் நல்ல புத்தகத்தை இந்த நச்சரிப்புதான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

ஆகவே சிபாரிசு சார் பட்டியல் அனுப்பினால் அழித்துவிடாதீர்கள். பத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்றைப் பக்கத்து நூலகத்தில் எடுத்து நிதானமாகப் படியுங்கள். படித்து முடித்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்தது தயாராக இருக்கும்.