பெரிய ட்ரவுட் பிடிப்பது எப்படி?

மறுபடியும் அதே படம். பின்னால் பனி மூடிய சிகரம், நடுவில் நீல ஏரி, நெஞ்சுவரை ஏறிய ரப்பர் கால்சட்டையில் ஒருவர், அவருக்கும் முன்னால் ஒரு ட்ரவுட் மீன். கீழே, இயற்கை தந்த ராட்சசன் என்கிற ரீதியில் ஒரு வரி. தூண்டிலில் எந்தச் செயற்கை ஈயைக் கட்டுவது, எந்த நேரத்தில் வீசுவது என்று முறையாகச் சொல்லத்தான் இக்கட்டுரை. ஆனால் இந்த ராட்சசனை முதலில் ஒரு கை பார்த்துவிட வேண்டும். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கணக்கு எளிது. கேமராவிலிருந்து ஆள் 4 அடி தள்ளி நிற்கிறார். கையை நீட்டிப் பிடித்த மீன் 2 அடியில் இருக்கிறது. பாதித் தூரத்தில் இருப்பது இருமடங்காகத் தெரியும். ஆக, சாண் மீன் முழ மீனாகிவிட்டது. தீனிச் செலவே இல்லை. முழங்கை மடங்கினால் மீன் இளைத்துவிடும் என்பதால் தோள்பட்டை கழன்றாலும் யாரும் மடக்குவதில்லை. அடுத்து விரல்கள். நிஜ அளவைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஆகவே அவை மீனுக்குப் பின்னால் பதுங்குகின்றன. கேமரா ஓரடி நெருங்கினால் ஆள் 3 அடியில், மீன் ஓரடியில்: மும்மடங்கு. இன்னும் அரையடி வந்தால் ஐந்து மடங்கு. அந்தக் கணக்கில் நெத்திலியையும் வஞ்சிரமாக்கலாம். பிடித்தவர் முகம் மறைந்துவிடும் என்ற ஒரே காரணத்தால்தான் உலகத்து ட்ரவுட்கள் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருக்கின்றன.

நிஜமாகவே பெரிய மீன் கிடையாதா என்பார்கள். உண்டு. 1948-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் குக்ஸ் ஏரியில் 11 பவுண்டு கோல்டன் ட்ரவுட் ஒன்று சிக்கியது. ஆனால் அந்த இனத்தின் சொந்த ஊர் கலிஃபோர்னியாவின் கெர்ன் ஆற்றுப் பகுதி. வயோமிங்குக்கு அதைக் கொண்டுபோய் விட்டவர்கள் மனிதர்கள். சொந்த மலையில் அது பெரும்பாலும் சாண் அளவோடு சரி. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் உறைந்து கிடந்தால் யார்தான் கொழுப்பார்கள்? அந்தச் சியரா நெவாடா மலைத்தொடரின் உயரத்து ஏரிகள் பனியாறுகள் குடைந்தவை. கீழே அருவிகள் மறித்ததால் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே இல்லை. கோவேறு கழுதை மேல் கேன்களில் மீனை ஏற்றினார்கள். பிறகு விமானத்திலிருந்து கொட்டினார்கள். யூட்டா மாநிலத்தில் இன்றும் விரல்நீளக் குஞ்சுகள் வானத்திலிருந்துதான் விழுகின்றன. மூச்சிரைக்க மலையேறிக் காட்டு மீனைப் பிடித்ததாகச் சொல்பவருக்கு ஒரு தகவல்: மீன் உங்களுக்கு முன்பே விமானத்தில் வந்து இறங்கிவிட்டது. நாமும் சிரிக்க முடியாது. நீலகிரி அவலாஞ்சியின் ட்ரவுட்டும் ஆங்கிலேயர் காலத்தில் வந்து குடியேறியதுதான்.

மீன்பிடி உரிமக் கட்டணம் நீர்நிலைகளைப் பராமரிக்க உதவுகிறதே என்றால், ஒப்புக்கொள்கிறேன். பிடித்தாலும் உயிரோடு திருப்பி விட்டுவிடுகிறோமே என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விட்ட மீன் சும்மா இருக்குமா? அதே மலை ஏரிகளில் வாழும் மஞ்சள்கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டைகள் தவளையாக 2, 3 ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை ட்ரவுட்டுக்கு விருந்து. பூஞ்சை நோயும் சேர்ந்துகொள்ள, சியராவின் அந்தத் தவளை 2014-இல் அழிவு அபாயப் பட்டியலில் ஏறியது. யோசெமிட்டி பூங்கா 1991-லேயே மீன் விடுவதை நிறுத்திக்கொண்டது. மீனை அப்புறப்படுத்திய ஏரிகளில் தவளைகள் மறுபடி பெருகின. ஆகவே, இயற்கைமேல் இவ்வளவு பாசம் உள்ளவர்கள், சட்டம் அனுமதிக்கும் ஏரிகளில், பிடித்ததை மிளகு தடவி வறுத்துச் சாப்பிட்டுவிடுவதே முறை. சாண் மீன் ஓர் ஆளுக்குத் தாராளம்.