கெல்டிக் சிலுவையும் மேசையின் நீளமும்: ஒரு முன்னோடி ஆய்வு

டாரட் சீட்டுகளின் உட்பொருளை விளக்கும் நூல்கள் மலிந்து கிடக்கின்றன. அச்சீட்டுகளைப் பரப்ப எவ்வளவு இடம் வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வியை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறை களையவே இக்கட்டுரை எழுந்தது.

வரலாறு சுருக்கமாக: 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் இது. மொத்தம் 78 சீட்டுகள். பெரியவை 22, சிறியவை 56. 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று அறிவித்தார். எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை ஷம்போலியோன் அவிழ்த்தது 1822இல்தான். அதுவரை மறுத்துப் பேச ஆளில்லை.

1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் ஒரு சீட்டுக்கட்டை வெளியிட்டது. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித், திட்டம் ஏ. இ. வெயிட். இன்று கெல்டிக் சிலுவை எனப்படும் பத்துச் சீட்டுப் பரப்பல் ஒன்றையும் 'பழைய கெல்டிக் முறை' என்று வெயிட் அச்சேற்றினார். பண்டைக் கெல்ட் மக்கள் காலத்தில் ஐரோப்பாவில் சீட்டுக்கட்டே கிடையாது. எனினும் மூலநூலாசிரியரைக் குறை கூறுதல் மாணாக்கர்க்கு அழகன்று, மேலே செல்வோம்.

பலன் கேட்பவருக்கென ஒரு சீட்டை நடுவில் வைக்கவேண்டும். அதன்மேல் முதற்சீட்டு, அதற்குக் குறுக்கே இரண்டாவது. தலைகீழாக விழுந்தால் பலன் மாறுமோ என்று நடுங்கும் தொடக்கநிலையினருக்கு இந்த இரண்டாவதில் மட்டும் நிம்மதி. படுத்துக் கிடப்பதற்குத் தலை ஏது, கால் ஏது? பிறகு மேல், கீழ், பின், முன். நடுச்சீட்டிலிருப்பவர் பார்க்கும் பக்கம் முன்; முதுகுப்பக்கம் பின். அவர் நேராக நம்மையே முறைத்தால்? முன்கூட்டியே ஒரு பக்கத்தை முடிவுசெய்துகொள்க என்கிறார் வெயிட். ஆக, வருங்காலம் இடமா வலமா என்பது ஓவியரின் தூரிகை வளைந்த பக்கம். பின்வந்தோர் இந்த நான்கையும் வைக்கும் வரிசையில் பாடபேதம் கண்டனர். கடிகாரச் சுற்றாக வைப்பாரும் உளர். இருசாராரிடமும் பலன் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத்தான் போகிறார்கள் என்பதால் எது சரியென்று தீர்ப்பது அரிது.

ஒன்பதாம் இடம் ஆசைக்கும் அச்சத்துக்கும் பொது. பலன் சொல்பவருக்கு இவ்வளவு பத்திரமான இடம் வேறொன்றில்லை.

இனி இவ்வாய்வின் மையம். சீட்டின் உயரம் 12 செ.மீ., அகலம் 7 செ.மீ. ஏழு முதல் பத்து வரையிலான சீட்டுகள் வலப்பக்கம் கீழிருந்து மேலாக ஒரே தூணாக ஏறுகின்றன. நான்கு பன்னிரண்டு 48. இடைவெளி சேர்த்தால் அரை மீட்டரைத் தாண்டும். அகலத்தில் சிக்கலில்லை: 7, குறுக்குச் சீட்டு 12, மறுபடி 7, தூண் 7, ஆக 33. தூணின் உயரம்தான் சாதாரண டீப்பாயில் அடங்காது. தூணின் உச்சியில், கைக்கு எட்டாத தூரத்தில், விளிம்பிலிருந்து தரைக்குச் சரிவது பத்தாவது சீட்டு. 'இறுதியில் நடக்கப்போவது' அதுதான். கேட்டவர் காசு கொடுத்ததே அந்தச் சீட்டுக்காக! சோபாவுக்கு அடியிலிருந்து எடுக்கப்படும் எதிர்காலம் நேரா தலைகீழா என்பது தீராத சிக்கல். தரையிலேயே பாய் விரித்துப் பரப்பலாமே என்பாருக்கு மறுப்பில்லை. முழங்கால் ஒத்துழைத்தால் சரி.

பத்தாவது தெளிவாகப் பேசாவிட்டால், அதையே நடுச்சீட்டாக்கி முழுச்சடங்கையும் மறுபடி செய்யவும் வெயிட் அனுமதிக்கிறார். இந்த விதி மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவோர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்று சீட்டுப் பரப்பலை எளிதென்று ஏளனம் செய்வோர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 78 சீட்டில் மூன்றை வரிசையாக வைக்க 4,56,456 வழிகள்; தலைகீழையும் சேர்த்தால் 36,51,648. ஒரு வாழ்நாளுக்கு இது போதும். வேண்டிய அகலமோ 21 செ.மீ.

எனவே புதிதாகக் கற்க வருவோர் மூன்றோடு தொடங்குக. பத்துக்கு ஆசைப்படுவோர் சீட்டுக்கட்டு வாங்குமுன் மேசையை அளந்துகொள்க. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருக.