பிள்ளைக் காம்பராவும் பெரியவர்களும்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு காம்பராவில் தாத்தா இருமினால் மூன்றாவது காம்பராவிலிருந்து "என்னா மாமா, சளி இன்னும் எறங்கலையா?" என்று குரல் வரும். அவ்வளவு மெல்லிய சுவர்கள். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாயிக்குக் கைகால் விழுந்து கிடந்த காலத்தில், அம்மா விடியற்காலையில் பேர் போடப் பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, அந்தியில் திரும்பும்வரை, வயதாகி வேலையிலிருந்து நின்ற பெரியம்மாக்களும் இரவு வேலை முடித்து வந்த பேக்டரி மாமாவும்தான் அப்பாயியை வெயில் விழும் இஸ்தோப்புக்குத் தூக்கி வந்து உட்காரவைத்து, உள்ளங்கையில் சீனியும் கையில் சாயத்தண்ணியும் கொடுத்து, போகிற வருகிறவர்களின் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை; அம்மாவும் அதை உதவி என்று கேட்டதில்லை.

எனக்கோ அந்த வயதில் ஒரே கனவு, பக்கத்து வீட்டு இருமல் கேட்காத ஒரு வீடு. அது பலித்துவிட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியில், இந்திய உதவியில் எழுந்த தனி வீடுகளைப் பார்க்கும்போது இன்றும் மனம் நிறைகிறது. இரு நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த சுவர்கள் அவை. ஆனால் அப்படியொரு வீட்டுக்குள், பெற்ற பிள்ளைகளின் பேரையே மறந்துவிட்ட என் அம்மாவை அண்ணி தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அம்மா இரவில் கூப்பிடுவது அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் ஓடிவர ஆளில்லை. இளசுகள் கொழும்புக் கடைகளில், பெண்கள் வளைகுடா நாட்டு வீடுகளில், அவர்களில் சிலர் சம்பளத்துக்கு வேறு யாருடைய தாயையோ குளிப்பாட்டிக்கொண்டு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் கொடிபிடித்து 2021-இல் அதைப் பெற்றோம். ஆனால் அம்மாவுக்காக வீட்டில் நிற்கும் நாளில் அண்ணிக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். அந்தக் கடமையை இரவும் பகலும் செய்கிறவள் ஒரு அரை நாள் அட்டன் டவுனுக்குப் போய்வரவும், தன் முதுகுவலிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கவும், ஒன்றுமில்லாமல் சும்மா தூங்கவும் யார் வழிசெய்வது?

வழி நம் தோட்டத்திலேயே இருந்திருக்கிறது. தாய்மாரின் கைகள் மலைக்குத் தேவைப்பட்டதால்தான் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே பிள்ளைக் காம்பரா வந்தது. ஆயம்மா தொட்டிலை ஆட்ட, தாய் நிம்மதியாகக் கொழுந்தெடுத்தாள். அது இன்று பிள்ளைப் பராமரிப்பு நிலையமாக, பயிற்சி பெற்ற பொறுப்பாளரோடு வளர்ந்திருக்கிறது. குழந்தைக்குச் செய்த இதே ஏற்பாட்டைக் கிழவிக்கும் செய்ய முடியாதா? கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புச் சேவை, பிறகு அயலாரையே பயிற்றுவித்துப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. பழைய லயத்துப் பெரியம்மாக்கள் பயிற்சி இல்லாமல் செய்த வேலைதான் அது.

ஆகவே தோட்டக் கம்பனிகளையும், ட்ரஸ்ட் என்று நாம் சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும், முதியோர் செயலகத்தையும், சந்தா வாங்கும் சங்கங்களையும் கேட்கிறேன்: டிவிஷனுக்கு ஒன்றாக, பெரியவர்களைப் பகலில் விட்டுவரும் ஒரு அறையும், அதற்குச் சம்பளம் பெறும் ஒரு ஆளும் கொடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை, வாசிக்கிற நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, நீ போய்ட்டு வா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள்.