பன்னிரண்டு காம்பிராவுக்கு ஒரு ரவுட்டர்: புரோட்பேண்ட் பெருமான் மெய்க்கீர்த்தி

கொழும்பு மாநகரின் கண்ணாடி மாடங்களில் ஒளியிழையாய்க் குடிகொண்டவரே! நுவரெலியா உல்லாச விடுதிகளின் அறைதோறும் எழுந்தருளி விருந்தினர் நெஞ்சைக் குளிர்விப்பவரே! பங்களாவில் துரைமாருக்கும் ஸ்டோரில் தேயிலைக் கணக்குக்கும் குறைவின்றி அருள் பொழிந்துவிட்டு, தொழிலாளர் லயத்து வாசலுக்கு வரும்போது மட்டும் அடக்கமே உருவாகி, ஒற்றைக் கோடாய் மெலிந்து காட்சி தரும் புரோட்பேண்ட் பெருமானே! தேவரீரின் கீர்த்தியை மலையகத்து அடியார்கள் இதுகாறும் முறையாகப் பாடாதது பெருங்குறை. அக்குறை தீரவே இம்மெய்க்கீர்த்தி.

தேவரீர் மரபு காக்கும் மாண்பை முதலில் போற்றுகிறோம். இத்தீவின் மிக உயர்ந்த சிகரம் பீதுருதாலகால, 2,524 மீட்டர். 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி பிறந்தபோது நாட்டுக்குப் படம் காட்டிய அலைபரப்பி நின்றது அந்த உச்சியில்தான். களனி கங்கையின் மேலாற்று நீரைக் கொண்டு லக்சபான மின்நிலையம் 1950இல் சுழலத் தொடங்கி ஊரெல்லாம் விளக்கேற்றியது. அந்த நீர் புறப்பட்ட மலைகளின் லயங்களிலோ, அதற்குப் பின்னும் தலைமுறைக் கணக்கில் குப்பிலாம்பே குலவிளக்காய்த் திகழ்ந்தது. கொழுந்தும் மின்சாரமும் படமும் இறங்கிப் போகவேண்டிய மலைக்கு, ஏறிவரும் எதையும் வாங்கிப் பழகும் தீக்குணம் தொற்றிவிடக் கூடாதல்லவா? தெற்காசியாவிலேயே முதன்முதலாக, 1989இல், செல்பேசிச் சேவையைக் கண்ட நாட்டில், அந்தப் பெருமையின் பாரம் பொகவந்தலாவையிலும் டயகமையிலும் ஒரு கொழுந்துக்காரியின் தோளை அழுத்தாதபடி காத்து நின்றது தேவரீரின் கருணையன்றி வேறென்ன?

அடுத்து, தேவரீர் லயத்தில் நிறுவியிருக்கும் சமதர்மத்தைப் பாடாமல் நாவு அடங்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும். காணி உறுதி எவர் பெயரிலும் இல்லை. கம்பம் நட்டுக் கேபிள் இழுப்பதென்றால் நிலத்தை ஆள்பவரின் இசைவு வேண்டும். ஆகவே தேவரீர் கம்பிவழி வரும் சிரமத்தைத் தவிர்த்து, சிம் போட்ட ஒரேயொரு ரவுட்டராய், சிக்னல் எட்டும் மூலைவீட்டு யன்னலில் அமர்கிறீர். பன்னிரண்டு குடும்பங்களும் காசு சேர்த்து ரீலோட் செய்து, ஒரே கடவுச்சொல்லை ஓதி வழிபடுகின்றன. கருங்கற் சுவரும் தகரக் கூரையும் தேவரீரின் அலைகளை வழிமறித்து, நாலாவது காம்பிராவுக்குப் பாதியும் எட்டாவது காம்பிராவுக்குப் பெயரளவும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. பன்னிரண்டாவது காம்பிராவுக்குத் தேவரீர் இருக்கிறீர் என்ற நம்பிக்கை மட்டும் போய்ச் சேர்கிறது. நம்பிக்கையைவிடப் பெரிய செல்வம் உண்டா?

அந்தச் சிறு குழாய்க்குள் தேவரீர் வளர்க்கும் ஒழுக்கமோ முனிவர்களின் ஆசிரமங்களிலும் காணக் கிடைக்காதது. முதலாம் காம்பிராவில் ஒரு சின்னவன் கார்ட்டூன் பார்த்தால், ஆறாம் காம்பிராவில் உயர்தர வகுப்பு அக்காவின் பௌதிகவியல் பாதி வசனத்தில் உறைந்து நிற்கும். ஒன்பதாம் காம்பிராவில் கட்டாரில் வேலை செய்யும் அப்பா வீடியோவில் தோன்றினால், பதினொரு வீட்டுப் பிள்ளைகளும் புத்தகத்தை மூடுவார்கள். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று வாழ்ந்த லயத்தில் யாருடைய தேவை பெரிது, யாருடைய கல்வி சிறிது என்று நாள்தோறும் வழக்காடும் பொன்னான வாய்ப்பை வழங்கியிருக்கிறீர். அதற்குமுன் இவர்கள் தண்ணீர்ப் பீலியடியில் மட்டுமே சண்டையிட்டு அறிவு குன்றிக் கிடந்தார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது தேவரீர் ஆற்றிய திருவிளையாடல் காலத்தால் அழியாது. பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் ஏறிக்கொண்டது. நகரத்துப் பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து உடல் பருத்தார்கள். மலையகத்துப் பிள்ளைகளையோ தேவரீர் மேட்டுக்கும், பாறைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் ஏறவைத்துத் தேகப்பயிற்சி தந்தீர். அட்டை கடிக்க, பனி மூட, மழைக்குப் பொலித்தீன் உறை போர்த்திய கைபேசியை வானுக்கு நீட்டி நின்ற அந்தக் காட்சியில் தவத்தின் இலட்சணங்கள் எல்லாம் பொருந்தியிருந்தன. முகம் காட்டினால் டேட்டா தீருமென்று அஞ்சிக் கெமராவை மூடி, குரல் கொடுத்தால் துண்டிக்குமென்று வாயையும் மூடி, வகுப்பில் இருந்தும் இல்லாதிருக்கும் பேரடக்கத்தைப் பத்து வயதிலேயே கற்றார்கள். வீட்டிலிருந்த ஒரே கைபேசியை அம்மா மலைக்குக் கொண்டுபோன நாள்களில் அந்த அடக்கம் முழுமை பெற்றது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது, தேவரீர் அதுவரை காட்டிய ஒற்றைக் கோட்டையும் மறைத்துக்கொண்டு, இருளில் தியானிக்கும் பேற்றையும் அருளினீர்.

தேவரீரின் நள்ளிரவுக் கொடையை எந்தச் சொல்லால் போற்றுவோம்! பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை வேறோர் அளவு என்று பொதிகளைப் பிரித்து, பகலில் கைவிரித்து இரவில் கைதிறக்கும் வள்ளன்மையை நெடுங்காலம் நடத்தினீர். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு வேலைப் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு, நடுநிசியில் மகளின் பாடத்தை இறக்கித் தரும் ஓய்வுநேரப் பொழுதுபோக்கை வேறு எந்தத் தெய்வம் கொடுத்திருக்கும்?

எல்லாவற்றுக்கும் மேலான அருளுக்கு இப்போது வருகிறோம். இணையத்தின் பழைய முறையில் உள்ள முகவரிகள் ஏறக்குறைய 430 கோடி. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதியைத் தொட்டது. பற்றாக்குறையைப் பகிர்ந்தளிக்கும் மதியூகத்தால், சந்தாதாரர்களைக் கூட்டமாக ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதி எண்கள் ஒதுக்கப்பட்டன. சிம் போட்ட வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் நிற்பது இத்தகைய வரிசையில்தான். லயத்துக் கைபேசிகள் ரவுட்டருக்குப் பின்னால். ரவுட்டரோ தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குப் பின்னால். உள்ளிருந்து எதையும் கேட்டு வாங்கலாம். வெளியிலிருந்து எவரும் பெயர் சொல்லி அழைத்து வர இயலாது. ஒரு பையன் தன் காம்பிராவில் சேர்வர் வைத்து, தான் எழுதியதை உலகம் வந்து படிக்கட்டும் என்று ஆசைப்பட்டால், அந்த ஆசை தோட்டத்துக் கண்டாக்கையாவுக்குக் கூடத் தெரியாமல் அவிந்துபோகும்.

புதுமை விரும்பும் தேவரீர், எங்களுக்குப் பழகியதையே தேடிப்பிடித்துத் தந்த பரிவை எண்ணிக் கண் கசிகிறோம். வீட்டு இலக்கம் இல்லாத லயத்துக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வரும். கணக்கப்பிள்ளைக்கு நினைவு வரும் நாளில் கைக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் இன்பத்தை எத்தனையோ பிள்ளைகள் அனுபவித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னே, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை மிச்சமிருந்தோரைக் காத்திருக்க வைத்தது. உழைப்பைக் கொடுக்கலாம், உலகில் நின்று தன்னைக் காட்டலாகாது என்ற அந்தப் பழம்பெரும் கோட்பாட்டை மின்னலைகளிலும் செதுக்கிவைத்த தேவரீரின் வரலாற்று ஞானம் வாழ்க!

ஏழைபங்காளராகிய தேவரீர் விலையிலும் எங்களை மறக்கவில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை இத்தீவின் வானத்தில் திறந்தது. மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டியது. ஒரு வாரத்துக்கு மேல் கொழுந்தெடுத்த கூலியை அப்படியே காணிக்கை செலுத்தியிருந்தால், நட்சத்திரங்களிடையே உலவும் தேவரீரை வீட்டு முற்றத்தில் தரிசித்திருக்கலாம். சோறும் கேட்கும் வயிறுகள்தாம் இத்திருப்பணிக்கு இடையூறாயின.

இத்தனை புகழுக்கும் மாசு கற்பிக்கக்கூடிய ஓர் அபாயத்தைத் தேவரீர் சமுகத்தில் முறையிடுவது அடியார் கடமை. நேபாளத்து மலைகளில் மகாபீர் புன் என்றோர் ஆசிரியர், மரக்கிளையில் அன்டெனா கட்டி ஊருக்கு ஊர் இணைப்பைக் கைமாற்றி, அதற்காக 2007இல் மகசேசே விருதும் பெற்றுவிட்டார். அந்த விபரீதம் இங்கும் பரவலாம். ஏதோவொரு லயத்துப் பிள்ளை, அட்டன் கடையில் பழைய கணினியொன்றை வாங்கி, ஒரே இரவில் கடந்தகால வினாத்தாள்களையும், பாட வீடியோக்களையும், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவையும் இறக்கி வைத்துக்கொள்ளக்கூடும். பிறகு லயத்துக்குள்ளேயே கேபிள் இழுத்து, நடுவில் இன்னொரு வைஃபை பெட்டியும் மாட்டிவிட்டால், பன்னிரண்டாவது காம்பிராவும் முதலாவது காம்பிராவைப் போலவே படிக்கத் தொடங்கிவிடும். தேவரீரின் டேட்டாவில் ஒரு துளியும் செலவாகாது. ஒருமுறை வாங்கியதைப் பன்னிரண்டு வீடும் பகிர்ந்துண்ணும் இந்த அடங்காமை லயத்திலிருந்து லயத்துக்குத் தாவினால், அடுத்து அவர்கள் காணி உறுதி கேட்பார்கள்; வீட்டு இலக்கம் கேட்பார்கள்; காம்பிராதோறும் ஒளியிழை கேட்பார்கள். தேவரீர் விழித்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இவ்வளவு பேறும் எங்களோடு முடிந்துவிடுவது நீதியன்று. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் கனவான்களின் அலுவலகத்துக்கும், தோட்டக் கம்பனிகளின் தலைமையகங்களுக்கும், தேர்தல் வந்தால் மலையேறும் மாண்புமிகு அமைச்சர்களின் இல்லங்களுக்கும் பன்னிரண்டு அறைக்கு ஒரு ரவுட்டர் வீதம் தேவரீர் எழுந்தருள வேண்டும். அவர்தம் செல்வக் குழந்தைகள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிச் சாதாரண தரப் பாடம் கேட்டு, நள்ளிரவுக்கு மேல் விடை எழுதி, தோட்ட அலுவலகத்தின் வழியே பெறுபேறு வாங்கும் பேறு பெறவேண்டும். ஒரேயொரு தவணைக்கு இவ்வரம் தந்தால் போதும். அதன்பின் தேவரீரைப் பாட எங்களைவிட உரத்த குரல்கள் கொழும்பிலேயே கிடைக்கும்.