இனிஷியல் இல்லாத குடும்பம்

சென்னீர்குப்பத்தில் விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன், வேறிடத்தில் மாசம் மூவாயிரம் கூடக் கிடைக்கிறது என்று பேப்பர் போட்டால் போதும், ஹெச்.ஆர். அறையில் ஒப்பாரி தொடங்கிவிடும். "நாமெல்லாம் ஒரே குடும்பம் தம்பி. காசுதானா எல்லாம்? மனசுக்குத் திருப்தின்னு ஒண்ணு இல்லையா?"

குடும்பமா? 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள். சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' இருக்கக் கூடாது என்று ஆட்சேபித்தது நிர்வாகம். பிள்ளைதான், ஆனால் அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளக் கூடாது!

சரி, திருப்திக்கு வருவோம். சென்னீர்குப்பத்திலிருந்து பரங்கிமலை போகும் சாலையில், மணப்பாக்கத்தில், எல் அண்ட் டி வளாகம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியது 2025 ஜனவரியில் ஊரெல்லாம் பரவியது. வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார். தேசத்தைக் கட்டியெழுப்பும் அக்கறை என்று கம்பெனி வியாக்கியானம் சொன்னது. அந்த அக்கறைக்கு 2023-24இல் அவர் பெற்றது சுமார் 51 கோடி ரூபாய். ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு. அவருக்குத் திருப்தி வர இத்தனை கோடி ஆகிறது. நமக்கோ ஆயுத பூஜைக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் பொரியும் போதுமாம்.

விசுவாசம் யாரிடம் இருந்தது? அரசு கொடுத்த சலுகைகளோடு ஸ்ரீபெரும்புதூரில் கடை விரித்த நோக்கியா, வரித் தகராறு முற்றியபின் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு, 2021 செப்டம்பரில் நஷ்டக் கணக்கைக் காட்டி மூடப்போவதாக அறிவித்தது. அங்கே இளமையைத் தொலைத்தவர்கள் இழப்பீட்டுத் தொகைக்காக அடுத்த வருஷம் போராட வேண்டி வந்தது. கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி கிளம்பினால் அது வியாபார முடிவு. அதே காரணத்துக்காகப் பையன் கிளம்பினால் நன்றி கெட்டவன். ஏன், ஒப்பாரி வைக்கிற ஹெச்.ஆரே போன கம்பெனியை விட்டு வந்தது எதற்காம்? சமூக சேவைக்கா?

தம்பி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டதா? பி.எஃப். கணக்கை மாற்றிக்கொள். ரிலீவிங் லெட்டரை இழுத்தடித்தால் எழுத்தில் கேள். குடும்பப் பாட்டு பாடினால், அந்தக் குடும்பச் சொத்தில் உன் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு வா.