நாய் நிபுணர் ஆக நாலைந்து குறிப்புகள்

தென்காசியில் பிறந்தவருக்கு நாயைப் பற்றிப் பேசத் தனிப் படிப்பு தேவையில்லை. ராஜபாளையம் நம் கொல்லம் சாலையில்தான் இருக்கிறது. புளியங்குடி, சிவகிரி தாண்டினால் வந்துவிடும். ஆகவே சொந்த ஊர் நாய் என்றே அடித்துப் பேசலாம். 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு, சீசன் சாரலில் குற்றாலத்து டீக்கடை பெஞ்சு ஒன்றை முழுதாகப் பிடித்துவிடலாம். ஐந்தரை ஆண்டு படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்கு அது சரிப்படாது.

முதலில் மூக்கைத் தொடுங்கள். காய்ந்திருந்தால் "காய்ச்சல்" என்று அறிவியுங்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டுவிட்டால் தெர்மாமீட்டர் வேண்டும். அது போகிற இடம் வால் அடியில் இருக்கிறது என்று தெரிந்ததும் பாதி நிபுணர்கள் டீக்காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நின்றவர்களுக்கு அடுத்த சோதனை: 102 டிகிரி காட்டினால் என்ன அர்த்தம்? நமக்கு 102 என்றால் லீவு லெட்டர். நாய்க்கு 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரண சூடு, தெருச் சண்டைக்குத் தயாரான உடம்பு. இது தெரியாமல் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து பாராசிட்டமாலை எடுத்துப் பாலில் கரைக்கிறவர் நாயின் கல்லீரலோடு விளையாடுகிறார்.

பிறகு பின்னங்கால். "முட்டி பின்பக்கமா மடங்குது பாத்தியளா, அண்ணாச்சி? அதான் இந்த ஓட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். சபை தலையாட்டும். பெஞ்சின் ஓரத்தில் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது இருந்தால்தான் ஆபத்து. "அது முட்டியில்ல வே, குதிகால்" என்பார். அவர் சொல்வதுதான் சரி. நாயின் முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் வளைகிறது. நாய் குதிகாலைத் தரையில் வைக்காமல் விரல்களில் நடக்கிற பிராணி. மேலே இருக்கும் மூட்டை டாக்டர்கள் ஸ்டைஃபிள் என்பார்கள், கீழே இருப்பதை ஹாக் என்பார்கள். இரண்டு பெயரையும் மாற்றிச் சொல்லாமலிருந்தால் பாஸ்.

நகத்தில்தான் நல்ல வருமானம். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு, ஆக 18. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் உள்பக்கமாக ஒரு நகம் தொங்கும். கணக்கு 20 ஆகிவிடும். இருபது நகம் ராசி என்பவரும் உண்டு, வீட்டுக்கு ஆகாது என்பவரும் உண்டு. நாய் யாருடையது என்று பார்த்துக்கொண்டு கட்சி சேருங்கள். ஆனால் அந்த நகத்தை ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர் குறைவு. டியூ கிளா என்கிற இந்த நகம் தரையில் படாது, அதனால் தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து திரும்பிச் சதையிலேயே குத்தி இறங்கும். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவ வேண்டும். ராசி பார்த்தவர்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

பல் கேள்வி வந்தால் 42 என்று சொல்லுங்கள்: மேலே 20, கீழே 22. குட்டிக்கு 28. எண்ணிச் சரிபார்க்க விரும்புகிறவர் அவருடைய நாயிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் நிதானம். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு என்றால் ராஜபாளையத்துக்கு விலை ஏறும். அப்படி வாங்கிய குட்டி கூப்பிட்டால் திரும்பாது. "ஜாதி நாய்க்கு அந்தக் கெத்து உண்டு" என்று நாம் விளக்கம் சொல்லுவோம். கெத்தெல்லாம் இல்லை, அதற்குக் காது கேட்கவில்லை. உள்காது வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. வெள்ளையாக்கும் மரபணு அவற்றையும் இல்லாமல் செய்துவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். பணம் கொடுக்குமுன் குட்டியின் பின்னால் நின்று, அது பார்க்காதபடி, காற்று படாதபடி கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் செவிடான குட்டி இதில் தப்பிவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மிச்ச கோழி எலும்பைத் தெருநாய்க்குப் போடுகிற தர்மவான்களுக்கும் ஒரு வார்த்தை. வெந்த எலும்பு கூராகச் சிலாம்பாக உடையும். தொண்டையையோ குடலையோ கிழிக்கலாம். பரோட்டாத் துண்டையே போடுங்கள்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பார்டர் மார்க் கிடையாது. நாய் கடித்தால்? காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று எழுதியவர் அங்கேயே ஃபெயில். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நகக்கீறலாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்து ஒளிகிறவர்களுக்கு: அந்தப் பழைய மருந்தை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது. சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.