ஓய்வெடுக்க வந்தவர்

அரசு விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தால், வியாழன் இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும் கூட்டத்தில் இவரைப் பார்க்கலாம். ‘மூணு நாளும் நல்லாத் தூங்கணும்’ என்று ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். விடியற்காலை ராஜபாளையத்தில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “அய்யனார் கோயில்ல தண்ணி விழுதா?” தூக்கம் அங்கேயே போயிற்று. நேரமில்லாமல் இவருக்கு ஓய்வு தவறுவதில்லை. சும்மா இருந்தால் லீவு வீணாகிவிடுமே என்ற பயம்தான் கெடுக்கிறது. வெள்ளிக்கிழமை அருவிக்கு. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். தமிழக அரசு முத்திரையில் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அதே கோபுரத்தை நாலு கோணத்தில் படம் எடுத்தாக வேண்டும். சனிக்கிழமை செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-இல் சரணாலயம் அறிவித்த காடு அது. மரத்தை விட்டு அதிகம் இறங்காத அந்தப் பிராணியைத் தேடி, வெயிலில் கழுத்து சுளுக்க அண்ணாந்து நிற்கிறார். இருவரில் ஓய்வெடுக்கத் தெரிந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு முழுக்க பால்கோவா உத்தியோகம்: மேனேஜருக்கு அரைக் கிலோ, பக்கத்து சீட்டுக்குக் கால் கிலோ. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், பாலைப் பொறுமையாகச் சுண்டவிட்டுச் செய்வது. இவரோ கடை வாசலில் ரயிலுக்கு நேரமாச்சு என்று துடிக்கிறார்.

‘வேலையை மாற்றிச் செய்வதே ஓய்வுதானே’ என்பார்கள். அதை ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் சொல்லிப் பார்க்கலாம். வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே எழுதிவைத்தது. அந்த நாளில் அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பாரே தவிர, அணில் தேடிப் போகமாட்டார். ‘சொந்தக்காரர்கள் விட்டால்தானே?’ என்பது இன்னும் வலுவான கேள்வி. ஊருக்கு வந்துவிட்டுச் சித்தி வீட்டை எட்டிப் பார்க்காமல் போனால் அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு நிற்காது, உண்மைதான். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டது சித்தியா? அருவி ஆசை, கோபுரப் படம், பால்கோவா பட்டியல் எல்லாம் இவர் சொந்தமாக இழுத்துக்கொண்டவை. சித்தி கேட்டது ஒரு காபி குடிக்கிற நேரம்.

திங்கட்கிழமை ரயிலிலிருந்து நேரே ஆபீஸ். செவ்வாய்க்கிழமை உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டுவிட்டு, மத்தியானம் வரை தூங்குகிறார். அந்த நாளைப் பற்றி மட்டும் குழுவில் ஒரு வார்த்தை போடவில்லை.